ராகுவும் பூமியின் நிழலும்

அன்புள்ள ஐயா,

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் பார்த்துக்கொண்டிருந்தபோது, "ராகு விழுங்குகிறது என்பது பொய்தானே தாத்தா?" என்று என் பேத்தி கேட்டாள். ராகு என்று ரிஷிகள் மறைபொருளாகச் சொன்னது பூமியின் நிழலைத்தான் என்றேன். அவள் ஏற்கவில்லை. என் விளக்கம் சரிதானா?

ச., மன்னார்குடி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் பேத்தி ஏற்காததில் நியாயம் இருக்கிறது. புராணத்தின் உட்பொருளே நிழல்தான் என்று நம் முன்னோர் கருதியிருந்தால், இதைப் பற்றி அவர்கள் தமக்குள் அத்தனை காலம் வாதிட்டிருக்க மாட்டார்கள்.

சந்திரன் சூரியனை மறைக்கிறது, பூமியின் பெரிய நிழல் சந்திரனை மறைக்கிறது என்று கி.பி. 499ஐ ஒட்டி வானியலாளர் ஆரியபடர் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் அதற்குக் கண்ணால் காணத்தக்க சான்றையே காட்டினார்: சந்திரன் கிழக்கு நோக்கி நகர்ந்து நிழலுக்குள் புகுவதால் அதன் கிழக்கு விளிம்புதான் முதலில் கருக்கிறது, சூரிய கிரகணத்திலோ, சூரியனின் மேற்கு விளிம்பு முதலில் மறைகிறது. அப்படியானால் ராகுவுக்கு என்ன வேலை? கிரகண வேளையில் செய்யப்படும் தானத்திலும் ஓமத்திலும் பங்கு பெறும்படி பிரம்மா அவனுக்கு வரம் கொடுத்தார் என்று சொல்லி, வராகமிகிரர் அவனைச் சடங்கோடு நிறுத்திவிட்டார்.

பிரம்மகுப்தருக்கு இது போதவில்லை. கி.பி. 628இல், தம் முப்பதாவது வயதில் எழுதிய வானியல் சித்தாந்த நூலில், வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் மாறாகப் பேசுகிறார்கள் என்று இருவரையும் கண்டித்த அவர், வரத்தின் பலத்தால் ராகு பூமியின் நிழலுக்குள் புகுந்து சந்திரனை மறைக்கிறான் என்று சமாதானம் சொன்னார். ஆனால் அதே நூலில் கிரகணத்தைக் கணக்கிடும்போது அவர் அளப்பது நிழலின் விட்டத்தை மட்டுமே. சுமார் நானூறு ஆண்டுகள் கழித்து இதைப் படித்த, இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் அல்பிரூனி, இவ்வளவு அறிவுள்ளவர் மனச்சாட்சிக்கு மாறாக இப்படி எழுதியதற்கு, தம் கருத்துகளுக்காக உயிரிழந்த சாக்ரடீசுக்கு நேர்ந்தது போன்ற ஏதோ ஓர் இடர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று வருந்தினார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. கணக்கில் இடமில்லாத ஒருவனை நிழலுக்குள் ஒளித்துவைப்பதால் சாஸ்திரத்துக்கு என்ன கௌரவம் கிடைத்துவிடப் போகிறது?

ராகுவுக்கு வானியலில் ஒரு பொருள் உண்டுதான், ஆனால் அது நிழல் அன்று. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் இரண்டும் இரு புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன; அவற்றை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் வரும்போதே கிரகணம் நேர்கிறது. அந்தப் புள்ளிகளுக்கே பிற்காலத்தில் ராகு, கேது என்று பெயரிட்டார்கள். அவை 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை பின்னோக்கிச் சுற்றி வருகின்றன. பஞ்சாங்கத்தில் ராகு எப்போதும் வக்ரமாகவே இருப்பது இதனால்தான். புதிதாகக் கண்ட ஒன்றுக்குப் பழைய பெயரை வைத்தார்கள், அவ்வளவே. அதைக் கொண்டு பழைய கதைக்கும் அதுவே பொருள் என்று வாதிட முடியாது.

1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், மனப்பாடமாக வைத்திருந்த, எண்களைக் குறிக்கும் வாக்கியங்களைச் சொல்லியபடி தரையில் சோழிகளைப் பரப்பி, இந்தியக் காலக்கணக்கு முறைகளை ஆராய்ந்த ஜான் வாரன் என்பவருக்குச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அந்தச் சோழிகளில் அசுரன் இல்லை, எண்கள்தான் இருந்தன.

உங்கள் பேத்திக்கு அமுதம் கடைந்த கதையை உட்பொருள் எதுவும் சேர்க்காமல் கதையாகவே முழுவதும் சொல்லுங்கள். அடுத்த சந்திர கிரகணத்தின்போது அவளை மாடிக்கு அழைத்துப் போய், எந்த விளிம்பு முதலில் கருக்கிறது என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.