நிற்பது யார்?

கேள்வி: கொங்கு மாவட்டங்களில் பத்தாம் வகுப்புக்குள் இடைநிற்றல் குறைந்துவிட்டது என்கிறார்களே, நம்பலாமா? (ஒரு வாசகி, பல்லடம்)

பதில்: 'இடைநிற்றல்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய சண்டை. எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. முதலில் திங்கட்கிழமை லீவு. பிறகு மாரியம்மன் நோம்பிக்கு ஒரு வாரம். அதற்குப் பிறகு ஆசிரியர் விசாரித்தால், "பையன் பனியன் கம்பெனிக்குக் கை மடிக்கப் போறானுங்க சார்" என்பார் அம்மா. சனிக்கிழமைச் சம்பளம் நாலு வாரம் வீட்டுக்கு வந்துவிட்டால் அதை விட்டுவிட்டுப் பையனைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வராது. பதிவேட்டில் அவன் வரிசை முழுக்க ஆப்சென்ட். அங்கே நிற்பது அவன் பெயர்தான்.

பதிவேட்டிலிருந்து அந்தப் பெயரை ஏன் அடிப்பதில்லை? ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். பெயரை அடித்தால் பணியிடம் போய்விடுமோ என்ற பயம். பெயர் இருக்கும்வரை கணக்கில் அவன் மாணவன். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50,000 பேருக்கு மேல் வராமல் போனபோதுதான் இந்தப் பெயர்கள் வெளியே தெரிந்தன.

திருப்பூரில் இதற்கு நேர்மாறும் நடக்கும். தேனி, மதுரைப் பக்கமிருந்து வந்த குடும்பம் டி.சி. வாங்காமல் ஊர் திரும்பும். பிள்ளை அங்கே புதிதாகச் சேர்ந்து படித்தாலும் இங்கே இடைநின்றதாகவே கணக்கு. எட்டாம் வகுப்புவரை டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஒன்பதாம் வகுப்புக்கு அந்தக் காப்பு இல்லை. வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் எந்தச் சதவீதத்தையும் நம்பாதீர்கள்.

மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இல் கோவையிலேயே தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், நல்ல திட்டங்கள். ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். பிள்ளை நழுவுவதோ ஒன்பதிலும் பத்திலும்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதம், துணைத் தேர்வு பெரும்பாலும் ஜூலையில். தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். அந்த இடைவெளியில்தான் வேலைக்கு ஆள் ஏற்ற மில் வேன் ஊருக்குள் வருகிறது. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பதோ சில நாட்கள். ரிசல்ட் வந்த அன்றே ஆசிரியர் வீடு தேடிப் போய்த் துணைத் தேர்வுக்குப் பெயர் கொடுக்க வைக்க வேண்டும். ஜூனில் போனால் பையன் ஷிப்டில் இருப்பான்.