மலிவான லிவ்அபோர்டு படகில் ஸ்கூபா டைவிங் போகலாமா? போனவர்கள் அனுபவம் எப்படி?

தாராளமாகப் போகலாம். நான் போனது தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் பக்கம், நாலு நாள், தேடியதில் கிடைத்த மிக மலிவான படகில். லிவ்அபோர்டு என்றால் கரைக்கே திரும்பாமல் படகிலேயே சாப்பிட்டு, தூங்கி, டைவ் போவது. தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் பக்கத்து சொகுசுப் படகில் வந்தவருக்கும் எனக்கும் ஒரே கடல், ஒரே மீன். வித்தியாசமெல்லாம் மேலே ஏறி வந்த பிறகுதான்.

எனக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தில் நாலு பேர் அறை, அதிலும் எஞ்சினுக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டிய கட்டில். ராத்திரி படகு அடுத்த தீவுக்கு நகரும்போது தலையணையோடு சேர்ந்து பல்லும் அதிரும், விடிவதற்குள் சிலிண்டர் நிரப்பும் கம்பிரஸர் தடதடக்கத் தொடங்கிவிடும், அலாரம் வைக்கிற வேலையே இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய கொடுமை வெட்சூட், டைவ் போகும்போது போடும் ரப்பர் உடை. ஒரு நாளைக்கு நாலு டைவ் என்றால் அது காய நேரம் ஏது? காலை ஆறு மணிக்கு, தூக்கம் கலையாமல், சில்லென்று நொசநொசத்துக் கிடக்கும் ரப்பருக்குள் காலை நுழைக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் மட்டும் தினமும் ‘ஏன்டா வந்தோம்’ என்று இருக்கும். அப்புறம் குதித்ததும் மறந்துவிடும்.

செலவைப் பற்றி. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையை அப்படியே நம்பாதீர்கள். தேசியப் பூங்காக் கட்டணம், உபகரண வாடகை, நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று), பணியாளர்களுக்கான டிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் தனி. நான் மாஸ்க், வெட்சூட், டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டும் கருவி) மூன்றை மட்டும் சொந்தமாகக் கொண்டுபோய், பிசிடியும் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட்) ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் கருவி) வாடகைக்கு எடுத்தேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் வாடகை சேர்ந்தே வரும் நடுத்தரப் படகு ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது, எரிச்சலாக இருந்தது. அதனால் எல்லாவற்றையும் கூட்டி, மொத்த டைவ்களால் வகுத்து, ஒரு டைவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். எனக்கு மொத்தம் 14 டைவ்.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பது. நாலு பேர் என்றால் அருமை. எங்கள் குழுவில் ஏழு. ரிச்செலியூ ராக் என்ற இடம், ஊதா நிறத்தில் மென்பவளம் போர்த்திய பாறை, அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்ததே, அங்கே இருபத்தைந்து நிமிடத்தில் ஒருவருக்குக் காற்று 70 பாருக்கு (பார் என்பது சிலிண்டர் காற்றழுத்தத்தின் அளவு) இறங்கிவிட்டது, ஒரே வழிகாட்டி என்பதால் 120 பார் மிச்சம் வைத்திருந்த நானும் சேர்ந்து மேலே வர வேண்டியதாயிற்று. அவர் மேல் தப்பில்லை, புதிதாகக் கற்றவர். அனுபவம் பார்த்துக் குழு பிரிக்காத படகின் தப்பு.

பாதுகாப்பில் மட்டும் மலிவுக்குச் சமாதானம் ஆகாதீர்கள். 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியா கடலோரத்தில் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். ராத்திரி சுற்றிவரும் காவல் ஆள் யாரும் இல்லை, கீழிருந்து வெளியேறும் இரண்டு வழிகளும் தீப்பிடித்த அதே கூடத்தில் போய்த்தான் திறந்தன. நான் முதல் நாளே படுக்கையிலிருந்து அவசர வழி வரை நடந்து பார்த்தேன். அந்த வழியின் மூடி மேல் யாரோ இரண்டு பெட்டியை அடுக்கி வைத்திருந்தார்கள்! கேட்டு நகர்த்த வைத்தேன். ராத்திரி காவலுக்கு ஆள் உண்டா, தீப்பிடிக்கக்கூடிய கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் போடுவார்கள் என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு படகு பார்ப்பது நல்லது.

ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான், லிவ்அபோர்டு போகும் நல்ல இடங்கள் பல அதைவிட ஆழம், எனவே முன்பே அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்துவிடுங்கள். எகிப்தின் செங்கடலில் பிரதர்ஸ், டெடலஸ் மாதிரி இடங்களுக்குக் குறைந்தது 50 டைவ் பதிவு கேட்பார்கள். கடைசி நேரத் தள்ளுபடியைப் பார்த்துவிட்டு அதில் போய் மாட்டாதீர்கள்.

சிமிலன் அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும். அந்தக் காலத்தின் இரண்டு ஓரங்களிலும் விலை குறையும், அலை கூடும். குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, படகு கிளம்புமுன் போட வேண்டும்.

இன்னொன்று, யாரும் கணக்கில் சேர்க்காத செலவு. பல நாள் தொடர்ந்து டைவ் போனால் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும். 24 மணி நேரம் விடுவது நிம்மதி. ஆக, கரையில் ஒரு ராத்திரி அறை வாடகையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். நான் அந்த ராத்திரி பத்து மணி நேரம் அசையாமல் தூங்கினேன். எழுந்து பார்த்தால் பால்கனியில் போட்டிருந்த வெட்சூட் ஒருவழியாகக் காய்ந்திருந்தது.