மறுத்ததை யார் எண்ணுவது?

கேள்வி: அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தைப் பல மாநிலங்கள் தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளிடம் விட்டிருக்கின்றன. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று முன்பணம் கட்டிவிடுவதால் பொய் பில் தொல்லை இல்லை, கண்காணிக்கும் வேலையும் மிச்சம் என்கிறார்களே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மிச்சமாவது! பில்லுக்குப் பில் பணம் கொடுத்தால் தேவையில்லாத ஸ்கேன் எடுப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்றால் தேவையான ஸ்கேனையே மறுப்பார்கள். செய்யாத வைத்தியத்துக்கு பில் ஏது? ஆடிட்டர் எதைப் பிடிப்பார்?

ஆகவே மறுத்ததை எண்ண வேண்டும். மத்திய சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 115 கம்பெனிகளின் 2019-ம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து 2023-ல் அறிக்கை கொடுத்தது. சிகிச்சைக்கு முன்பே கம்பெனியிடம் அனுமதி கேட்டு வந்த விண்ணப்பங்களில் எட்டுக்கு ஒன்று நிராகரிப்பு. 12 கம்பெனிகள் நாலில் ஒன்றுக்கும் மேல் தள்ளியிருந்தன. மறுத்தது சரியா என்று சாம்பிளுக்குச் சிலவற்றையாவது எடுத்துப் பார்க்கும் வழக்கம் பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. அப்பீலுக்குப் போனவர்களும் சொற்பம். படுத்துக் கிடப்பவர் எங்கே மனு எழுதுவார்?

செலவுக்கு வருவோம். கம்பெனி வாங்கும் 100 டாலரில் குறைந்தது 85 வைத்தியத்துக்கும் தரத்துக்கும் போகிற மாதிரி கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்பது மத்திய விதி. அதற்குக் கீழே போனால் பணத்தைத் திருப்பிக் கேட்பது? அது மாநிலத்தின் இஷ்டம். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் போனது போனதுதான்.

அந்த 85-க்குள்ளும் ஒளிய இடமுண்டு. ஒஹாயோவில் மருந்து பில்களைப் பட்டுவாடா செய்த இடைநிலை நிறுவனங்கள் மருந்துக் கடைக்கு ஒரு விலை கொடுத்து, காப்பீட்டுக் கம்பெனியிடம் வேறு விலை வாங்கின. 2018-ல் மாநிலத் தணிக்கையாளர் இரண்டையும் ஒப்பிட்டார்: ஓராண்டில் நடுவில் தங்கியது 22.48 கோடி டாலர். ஜெனரிக் மருந்துகளுக்குக் கொடுத்ததில் 31 சதவீதம் இப்படிப் போயிருந்தது. கடைக்குப் போய்ச் சேராத இந்தப் பணத்தை மருத்துவச் செலவில் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு தெளிவாகச் சொன்னது 2019-ல்தான்.

மாநிலம் கையில் வைத்திருக்க வேண்டியது நோயாளி வாரியான பதிவு: யார், எந்த டாக்டரிடம், என்ன சிகிச்சை, கடைசியாக டாக்டர் கைக்குப் போன தொகை எவ்வளவு. இது அரைகுறையாக இருந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணம் கம்பெனி சொன்னதுதான். கம்பெனி கொடுக்கும் டாக்டர் பட்டியலையும் நம்பக் கூடாது. நோயாளி போல போன் செய்து அப்பாயின்ட்மென்ட் கேட்டுப் பார்க்க வேண்டும். வேலையை விட்டுப் போன டாக்டர்கள் பட்டியலில் மட்டும் பிராக்டிஸ் செய்துகொண்டிருப்பார்கள்.

கனெக்டிகட் மாநிலம் 2012-ல் இந்தக் கம்பெனிகளை அனுப்பிவிட்டது. நிர்வாக வேலைக்கு மட்டும் வெளி நிறுவனங்கள். பில்லை மாநிலமே கட்டுகிறது. உங்கள் பொய் பில் அங்கே திரும்ப வந்திருக்கும். ஆனால் அது காகிதத்தில் இருக்கும், பிடிக்கலாம்.