யூட் மக்களும் பைன் கொட்டையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பழங்குடிகளான யூட் மக்கள் ‘ஆண்டுதோறும் மலை ஏறி இறங்கினார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். மற்ற இடங்களில் நாடோடிகள் என்றே படித்திருக்கிறேன். உணவு தேடிக் கால்போன போக்கில் அலைந்தவர்கள்தானா? பைன் கொட்டை சேகரிப்பதைப் பெரிய வேலை என்கிறீர்களே, உதிர்ந்ததைப் பொறுக்குவதில் அப்படி என்ன வேலை?

சு.

அன்புள்ள சு.,

கால்போன போக்கில் போயிருந்தால் ஒரு பனிக்காலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். கொலராடோ, யூட்டா மலைகளில் எந்த உயரத்தில் எது எப்போது கிடைக்கும் என்று தெரிந்தே நகர்ந்தார்கள். மானும் எல்க் என்ற பெரிய மானினமும் அப்படித்தான் கோடையில் ஏறும், பனி விழுந்ததும் இறங்கும்.

இளவேனிலில் முதல் இடி கேட்டதும் கரடி நடனம். பல் வெட்டிய கோலை உள்ளீடற்ற பெட்டிமேல் ஊன்றி எலும்பால் உரசினால் கரடி உறுமுவது போலிருக்கும். துணையைத் தேர்ந்தெடுப்பது பெண்கள்தான். பாண்டரோசா பைன் மரத்தில் சாறு ஏறுவதும் அப்போதே. கூரிய கட்டையால் வெளிப்பட்டையை நெம்பிவிட்டு, இனிப்பான உட்பட்டையைச் சுரண்டி எடுப்பார்கள், ஒரு பக்கம் மட்டும். சுற்றிலும் உரித்தால் இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்காமல் மரம் பட்டுப்போகும். அப்படி உரித்த மரங்கள் இன்றும் தழும்போடு உயிருடன் நிற்கின்றன.

கோடையில் மேல்மலைப் புல்வெளிகளில் வேட்டை, பெர்ரி, யாம்பா கிழங்கு.

இனி பைன் கொட்டை. அது கிடைக்கும் பின்யோன் பைன் மரத்தில் காய் முற்ற மூன்று கோடை ஆகும். நல்ல காய்ப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். உதிரட்டும் என்று காத்திருந்தால் பின்யோன் ஜே பறவையும் அணிலும் முந்திக்கொள்ளும். அதனால் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும், காய் பச்சையாக மூடியிருக்கும்போதே கழியால் தட்டி விழவைத்து, குழியில் தீயிட்டுச் சுடுவார்கள். பிசின் எரிந்து காயின் செதில்கள் விரிய, உள்ளிருக்கும் கொட்டையை எடுக்கலாம். கொட்டையின் ஓடு கருத்திருந்தால் பருப்பு உண்டு, வெளிறியிருந்தால் பெரும்பாலும் பொக்கு.

அடுத்தது வறுப்பது. சுமாக் என்ற புதரின் குச்சியில் பின்னிய முறம் போன்ற தட்டில் கொட்டையோடு தணலையும் போட்டு விடாமல் தூக்கித் தூக்கிப் புடைக்க வேண்டும். கை சற்று நின்றாலும் தட்டு பற்றிக்கொள்ளும், கொட்டை ஒரு பக்கம் கருகும். வறுபட்ட ஓடு நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். அம்மி போன்ற கல்லில் குழவியை லேசாக உருட்டினால் ஓடு மட்டும் உடையும். அழுத்திவிட்டால் பருப்பு நசுங்கி எண்ணெய் கசிந்து ஓட்டுத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை புடைத்தாலும் பிரியாது. பிரிந்த பருப்பை அரைத்துக் கஞ்சியாக்கினார்கள். மீதிக் கொட்டை பனிக்காலச் சேமிப்பு. அந்த மாதங்களில் தாழ்வான பள்ளத்தாக்குகளில், வெயில் படுகிற, விறகு கிடைக்கிற இடமாகப் பார்த்துத் தங்கினார்கள்.

நாடோடி என்ற சொல் எனக்கு வலிக்கிறது. உழாதவர்களுக்கு இவ்வளவு நிலம் எதற்கு என்று வெள்ளைக் குடியேறிகள் கேட்டார்கள். 1881இல் வெள்ளை ஆற்று யூட்கள், அன்கம்பாக்ரே யூட்கள் என்ற இரு பிரிவினரையும் கொலராடோவிலிருந்து யூட்டாவுக்கு விரட்டினார்கள். யூட்களோ அந்த மலையின் ஒவ்வொரு படியையும் பருவம் தவறாமல் பயன்படுத்தியவர்கள். அதனால்தான் ‘ஏறி இறங்கினார்கள்’ என்று எழுதினேன்.