கன்சோல் லாபக் கணக்கு: உங்கள் அட்டவணை எங்கே தப்புகிறது

நண்பரே, கன்சோல் (வீடியோ கேம் விளையாடும் பெட்டி) விற்பதில் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ எவ்வளவு லாபம் பார்க்கின்றன என்று நீங்கள் போட்ட அட்டவணையில், விலையிலிருந்து பாகச் செலவைக் கழித்து, விற்ற எண்ணிக்கையால் பெருக்கியிருக்கிறீர்கள். கேம், சந்தா வருமானம் அதில் சேரவில்லை; சோனி எப்போதும் நட்டத்தில் தெரிவதற்கு அதுவே காரணம். மறுபக்கம், செலவில் கடைக்காரர் பங்கு, போக்குவரத்து, வாரண்டிச் செலவு மூன்றும் விடுபட்டுள்ளன. வாரண்டியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்: தன் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-இன் பழுதுகளுக்காக மைக்ரோசாஃப்ட் 2007-இல் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது.

அடுத்து, ஒரு வாடிக்கையாளரின் முழு ஆயுளுக்கும் கணக்குப் போடுங்கள். உதாரணமாக, பெட்டிக்கு 100 டாலர் நட்டம் என்று வையுங்கள். பிற நிறுவனத்தின் 60 டாலர் கேம் ஆன்லைன் ஸ்டோரில் விற்றால், வழக்கமான 30% பங்கில் கன்சோல் நிறுவனத்துக்கு 18 டாலர் கிடைக்கும். ஆறு கேம்களில் நட்டம் அடைபடும். டிஸ்க் என்றால் கடைக்காரருக்கும் பங்கு உண்டு, அதனால் இன்னும் அதிகம் தேவை. சந்தா வருமானத்தைத் தனி வரிசையில் போடுங்கள்.

கேம்கள் வருவதற்குள் நட்டம் பெருகினால்தான் ஆபத்து. சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோலில் இருந்த ‘செல்’ என்ற முதன்மைச் சிப்பும் புளூ-ரே டிஸ்க் டிரைவும் விலை உயர்ந்தவை. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு சுமார் 23,200 கோடி யென் இழந்தது. நின்டெண்டோ பழைய தொழில்நுட்பத்தில் வீ (Wii) கன்சோலைச் செய்து முதல் நாளிலிருந்தே லாபம் பார்த்தது. ஆனால் அதே நிறுவனம் 2011-இல் 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலின் விலையை 249.99-இலிருந்து 169.99 டாலராக வெட்டி, அடக்க விலைக்குக் கீழே விற்றது. ஆகவே நிறுவனத்துக்கு ஒரே லாப விகிதம் போடாமல், ஒவ்வொரு கன்சோலுக்கும் ஆண்டுவாரியாகப் போடுங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது கவனியுங்கள்: சோனி, நின்டெண்டோ நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, மைக்ரோசாஃப்டுடையது ஜூனில். எக்ஸ்பாக்ஸ் லாபத்தை மைக்ரோசாஃப்ட் தனியாக வெளியிடுவதில்லை. அட்டவணையில் அந்தக் கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல் காலியாகவே விடுங்கள்.