நாக்கில் சின்னப் புண், கழுத்தில் நெறி இல்லை. கழுத்தையும் ஏன் திறக்கிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் புண். பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கழுத்தில் நெறி எதுவும் கட்டவில்லை, ஸ்கேனும் சுத்தம். ஆனாலும் கழுத்திலும் சேர்த்தே ஆபரேஷன் என்கிறார் டாக்டர். இது தேவையில்லாத வெட்டு இல்லையா?

பதில்:

பெரும்பாலும் தேவையான வெட்டுதான். ‘பெரும்பாலும்’ என்று இழுக்கக் காரணம், நீங்கள் புண்ணின் அகலத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். நாக்குப் புற்றில் கழுத்தின் கதியைத் தீர்மானிப்பது ஆழம்.

நாக்கு முழுக்கத் தசை. கட்டி உள்ளே இறங்கினால் வழிமறிக்க எலும்பு கிடையாது. அந்தத் தசைக்குள் நிணநீர்க் குழாய்கள் வலைபோல் ஓடுகின்றன; அவை போய்ச் சேருவது கழுத்து நெறிகளில், அதாவது நிணநீர் முடிச்சுகளில். பேசினாலும் விழுங்கினாலும் நாக்கு அசைந்து அவற்றைப் பிழிந்துகொண்டே இருக்கும். கைக்கும் தட்டுப்படாத, ஸ்கேனிலும் சுத்தமாகத் தெரிகிற கழுத்துகளை ஆபரேஷன் செய்து நுண்ணோக்கியில் பார்த்தால், 100 பேரில் 20 முதல் 30 பேருக்கு நெறிக்குள் நோய் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இதற்கு ஸ்கேனைத் திட்டிப் பயனில்லை. 2 மில்லிமீட்டர் படிவு ஒரு நெறியின் அளவையும் மாற்றாது, வடிவத்தையும் மாற்றாது.

ஆழம் என்பது கட்டியின் பருமன் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் நல்ல சவ்வின் அடிமட்டத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, அங்கிருந்து கட்டி எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று தூக்குநூல் விட்டதுபோல் அளப்பதுதான் ஆழம். வெளியே காளான் மாதிரி எழும்பிய கட்டி பருமனாக இருந்தும் ஆழம் குறைவாக இருக்கலாம். குழிப்புண் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்து உள்ளே வேர்விட்டிருக்கலாம். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் புற்றுநோய் நிலைப் பகுப்பு விதிகளின் எட்டாம் பதிப்பு இந்த அளவை உள்ளே கொண்டுவந்தது: அகலம் 2 சென்டிமீட்டருக்குள் இருந்தாலும் ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது இரண்டாம் படிக் கட்டி. கழுத்தைத் திறக்கலாமா என்ற கேள்வி 3, 4 மில்லிமீட்டரிலேயே எழுந்துவிடும். ஆபரேஷனுக்கு முன் இதைச் சொல்வது எம்ஆர்ஐ. அது கொஞ்சம் கூட்டியே காட்டும். பயாப்சித் துண்டை வைத்து ஆழம் கணக்குப் போடாதீர்கள். 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கிள்ளிய துண்டில் அதற்கு மேல் எப்படித் தெரியும்?

இனி ‘நெறி கட்டினால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே’ என்ற வாதம். இதே கேள்வியை மும்பை டாடா மெமோரியல் மையத்தில் அனில் டி’குரூஸ் குழு நேரடியாகச் சோதித்தது. ஆரம்ப நிலை வாய்ப்புற்று, கழுத்தில் நெறி இல்லாதவர்கள். ஒரு பிரிவுக்கு அப்போதே கழுத்து ஆபரேஷன், மற்றதற்கு நெறி தோன்றினால் மட்டும். 2015இல் வெளியான 500 பேரின் கணக்கில், மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவீதம், காத்திருந்த பிரிவில் 67.5. எட்டுப் பேருக்கு முன்கூட்டியே செய்தால் ஓர் உயிர் மிஞ்சுகிறது. காத்திருந்தவர்களுக்கு நெறி வந்தபோது அது பெரிதாகவும், நோய் நெறியின் உறையைக் கிழித்து வெளியேறியும் வந்தது என்பதுதான் இதில் வலிக்கிற பகுதி.

‘எல்லார் கழுத்தையும் வெட்டச் சொல்கிறான்’ என்று கருத்துப் போட வருபவர்களுக்கு: இல்லை. 2 மில்லிமீட்டர்கூட இறங்காத கட்டி, மாதாமாதம் தவறாமல் வந்து காட்டுகிற நோயாளி என்றால் காத்திருப்பதில் தவறில்லை. காவல் நெறி பயாப்சி என்ற இடைவழியும் இருக்கிறது. கட்டியைச் சுற்றிக் கதிரியக்க மருந்தை ஊசி போட்டு, அது முதலில் போய்ச் சேரும் இரண்டு மூன்று நெறிகளை மட்டும் எடுத்து, மெல்லிய சீவல்களாகப் பார்ப்பார்கள். 2020, 2021இல் வந்த பிரெஞ்சு, ஜப்பானிய ஒப்பீட்டு ஆய்வுகளில் அது பின்தங்கவில்லை. ஆனால் கைப்பழக்கம் உள்ள குழு வேண்டும். வாயின் அடித்தளத்தை ஒட்டிய கட்டியில் ஊசி போட்ட இடத்தின் ஒளிர்வே பக்கத்து நெறியை மறைத்துவிடும்.

உங்கள் அப்பாவின் பயம் வெட்டைவிட முகம், தோளைப் பற்றியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். பலர் மனதில் இருப்பது 1906இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் எழுதிய ஆபரேஷனின் படம். அதில் கழுத்தின் பெரிய தசை, பெரிய சிரை, தோள் நரம்பு எல்லாம் போய்விடும். இப்போது இந்த நிலையில் செய்வது, தாடைக்குக் கீழிருந்து கழுத்தின் நடுப்பகுதி வரை ஒன்று முதல் மூன்றாம் மட்டம் வரையிலான (கழுத்து நெறிகளை இடம் வாரியாக மட்டங்களாகப் பிரித்து எண் கொடுப்பார்கள்) நெறிகளைக் கொழுப்போடு சேர்த்து எடுப்பது. நாக்குக்கு நான்காம் மட்டத்தையும் சேர்க்கிறவர்கள் உண்டு. தசையும் சிரையும் நரம்பும் இருக்கும் இடத்திலேயே இருக்கும். தழும்பு கழுத்து மடிப்புக்குள் போய்விடும்.

கெடுவது எங்கே என்றால், தாடையின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய முக நரம்புக் கிளை. அது இழுபட்டால் அந்தப் பக்க உதட்டோரம் கீழே இறங்காது, சிரிப்பு கோணும். அறுபடாமல் இழுபட்டது மட்டும் என்றால் சில மாதங்களில் திரும்பும். அதனால்தான் தாடைக்கு இரண்டு விரல் கீழே கோடு போடுகிறார்கள். அடுத்தது தோள் நரம்பு. இரண்டாம் மட்டத்தின் பின்மூலையைச் சுத்தம் செய்ய அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வெட்டாவிட்டாலும் சோர்ந்துபோகும், கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது. கழுத்தில் சேரும் நீரை வடிக்க வைத்த ட்ரெய்ன் குழாயை எடுத்ததும் பிசியோ தொடங்கியே ஆக வேண்டும். வலிக்கிறது என்று விட்டால் மூட்டு இறுகிவிடும். இடப்பக்கம் நான்காம் மட்டம் வரை போயிருந்தால், உணவு தொடங்கிய பின் குழாயில் பால் மாதிரி வருகிறதா என்று பாருங்கள். நிணநீர்ப் பெருங்குழாய் கசிகிறது என்று அர்த்தம். உடனே நர்ஸிடம் காட்டுங்கள். பெரும்பாலும் கொழுப்பில்லா உணவிலும் அழுத்தக் கட்டிலும் நின்றுவிடும்.

நாக்கில் நல்ல திசு ஒரு சென்டிமீட்டர் சுற்றிலும், அதே ஒரு சென்டிமீட்டர் அடியிலும் சேர்த்து எடுப்பார்கள். ஆகவே ஒன்றரை சென்டிமீட்டர் புண்ணுக்கு மூன்றரை சென்டிமீட்டர் துண்டு போகும். பார்த்து அதிர வேண்டாம். தவறு நடப்பது பெரும்பாலும் அடி விளிம்பில். தசை வெட்டியதும் சுருண்டுகொள்ளும், கண்ணுக்குப் போதும் என்று தோன்றும். விரலால் தொட்டுத் தொட்டுத்தான் வெட்ட வேண்டும். எடுத்த துண்டும் ஃபார்மலினில் சுருங்குவதால் ஒரு சென்டிமீட்டர் ரிப்போர்ட்டில் 7 மில்லிமீட்டராக வரலாம். 5 இருந்தால் சுத்தம் என்று கொள்வார்கள். இந்த அளவு குழிக்குத் தையலே போதும். கை, தொடைத் திசு வைப்பதெல்லாம் பாதி நாக்கு போகும்போது.

இங்கே ஒரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லை. பயாப்சி என்று சொல்லிப் புண்ணை முழுசாகத் தோண்டி எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள். ஓரத்தில் நல்ல திசுவோடு ஒரு ஆப்புத் துண்டு எடுத்தால் போதுமே! அப்படித் தோண்டிய பிறகு கட்டி எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று எதை வைத்து ஒரு சென்டிமீட்டர் அளப்பது? இன்னொரு பக்கம், கூர்ப்பல்லைத் தேய்த்துவிட்டுக் களிம்பை மாற்றி மாற்றித் தடவச் சொல்லி மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள். பல்லைச் சரி செய்து மூன்று வாரத்தில் ஆறாத புண்ணுக்குக் களிம்பு வேலையில்லை. ‘கத்தி பட்டால் பரவும்’ என்று பரப்புகிறவர்களைப் பற்றிப் பேசினால் வார்த்தை தடித்துவிடும், விடுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து வரும் பேத்தாலஜி ரிப்போர்ட்டில் ‘விளிம்புகள் சுத்தம்’ என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். ஆழம் எத்தனை மில்லிமீட்டர், ஒவ்வொரு விளிம்பும் எத்தனை மில்லிமீட்டர், நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கிறதா, மொத்தம் எத்தனை நெறி எடுத்தார்கள் (18க்குக் குறைந்தால் ஏன் என்று கேட்கலாம்), எத்தனையில் நோய், நெறியின் உறை கிழிந்திருக்கிறதா. விளிம்பில் கட்டி இருந்தாலோ உறை கிழிந்திருந்தாலோ ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும். இதன் அடிப்படை 2004இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள். சிறுநீரகமும் காதும் தாங்குமா என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டும் இல்லாமல், நெறிகளில் நோயோ நரம்புப் படர்வோ இருந்தால் ரேடியேஷன் மட்டும், வழக்கமாக 30 நாள் அமர்வில் 60 கிரே (கதிர் அளவின் அலகு).

ரேடியேஷன் வந்தால் ஆபரேஷனிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். சொத்தைப் பற்களைப் பிடுங்குவதானால் அதற்கு இரண்டு வாரம் முன்பே முடிய வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் எடுத்தால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். ஆகவே பல் டாக்டரை ஆபரேஷன் தேதிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். எடுக்க வேண்டிய பல்லை அதே மயக்கத்திலேயே எடுத்துவிடலாம்.