நூறு கில்டர் கொடுத்த முகங்கள்

அன்புள்ள அக்கா,

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டோட 'இரவுக் காவல்' படத்தைப் பத்தி போன வாரம் நீங்க எழுதினதைப் படிச்சேன். இவங்கள்லாம் எந்தச் சண்டைக்குக் கிளம்புறாங்க? பட்டாளத்துக்காரங்களுக்கு எதுக்கு இவ்ளோ சரிகையும் இறகுத் தொப்பியும்? பின்னாடி பாதி முகம் மட்டும் தெரியுதே, அவங்க யாரு?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எந்தச் சண்டைக்கும் இல்லப்பா. இவங்க சம்பளத்துக்கு வேலை பாக்குற சிப்பாய்ங்களே கிடையாது, ஆம்ஸ்டர்டாம்ல தொழில் பண்ணிட்டு முறை வச்சு ராத்திரி ரோந்து போன ஊர்க்காரங்க. துப்பாக்கி, துணிமணி எல்லாம் சொந்தக் காசு, அதான் அவ்ளோ சரிகை. நடுவுல கறுப்பு உடையில நிக்கிற கேப்டன் பானிங் கோக்கோட அப்பா மருந்துக்கடைக்காரர், வலது ஓரத்துல கையை நீட்டிட்டு நிக்கிற சார்ஜன்ட் ரோம்பௌட் கெம்ப் ஜவுளி வியாபாரி.

படத்துக்கும் அவங்கதான் பணம் போட்டாங்க. 16 பேர், ஆளுக்குச் சராசரியா 100 கில்டர் (அப்போதைய டச்சுக் காசு), நிக்கிற இடத்தைப் பொறுத்துக் கூடக் குறைய. பல வருஷம் கழிச்சு அந்த ஆளுங்கள்லயே ஒருத்தர் சாட்சி சொன்னதால இது நமக்குத் தெரியுது. இப்ப நீ கேட்ட பாதி முகத்துக்கு வரேன். கெம்ப் நீட்டின கைக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்கார் பாரு, அந்தக் கை அவர் வாயையே மறைச்சிடுது. படத்தை எத்தனை தடவை திறந்தாலும் எனக்கு முதல்ல கண்ணு போறது அவர்கிட்டதான், மனசு கேக்க மாட்டேங்குது. கேப்டன் கை நிழல் பக்கத்துல இருக்கிற லெப்டினன்ட்டோட மஞ்சள் கோட்டு மேல விழுது, நிழல் விழுந்த இடத்துல சரிகைக் கரையில ஆம்ஸ்டர்டாம் சின்னத்துச் சிங்கம் குட்டியா தெரியும். ஒரு நிழலுக்கு இவ்ளோ பாடுபட்ட ரெம்பிராண்ட், கெம்ப்புக்குப் பின்னாடி நிக்கிறவர் வாயை மட்டும் விட்டுட்டாரேன்னு இருக்கும்.

ஹார்லெம்னு இன்னொரு டச்சு ஊர்ல ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் இப்படிப் பண்ணல. அவரே செயின்ட் ஜார்ஜ் காவல்படையில இருந்தவர், அந்த மேஜை, அந்த ஆளுங்க எல்லாம் அவருக்குப் பழக்கம். அங்க ஆபீசர்ங்களுக்கு மூணு வருஷப் பதவி, முடிஞ்சா பெரிய விருந்து. அந்த விருந்துல அவங்க உக்காந்திருக்கிறதை 1616ல வரைஞ்சார், நாம கதவைத் திறந்து உள்ள நுழைஞ்ச மாதிரி சிலர் திரும்பிப் பாப்பாங்க, ஒருத்தர் முகமும் மறையாது. முகத்துக்குக் காசு கொடுத்தவங்களுக்கு ஹால்ஸ்தான் நியாயம் பண்ணினார்னு நான் சொல்லுவேன், ஆனா 1642ல ரெம்பிராண்ட் கொண்டு வந்த அந்தப் பரபரப்பு, இப்பதான் கிளம்புறாங்கன்ற அந்த நொடி, அது ஹால்ஸ்கிட்ட இல்ல.

இன்னொண்ணு, 1715ல படத்தை நகர மன்றத்துக்கு மாத்தினப்ப சுவர்ல இடம் பத்தலன்னு நாலு பக்கமும் வெட்டிட்டாங்க, இடது பக்கம்தான் அதிகம் போச்சு, அதுல ரெண்டு ஆள் காலி. அதுக்கு முன்னாடியே லுண்டென்ஸ்னு ஒருத்தர் சின்னதா ஒரு நகல் போட்டு வச்சதால அவங்க முகம் தப்பிச்சுது. 2021ல, படம் இருக்கிற ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியம் அந்த நகலை வச்சு கம்ப்யூட்டர்ல விட்டுப்போன பகுதிங்களைத் திரும்ப உருவாக்கி, படத்தோட ஓரத்துல கொஞ்ச நாள் மாட்டி வச்சாங்க. அந்த நகலைத் தேடிப் பாரு தம்பி, இடது ஓரத்துல ரெண்டு பேரும் நிக்கிறாங்க.

அன்புடன்,
அக்கா